வெண்பலகை தெரியாத பிள்ளை, படிப்பு வராத பிள்ளையா?

முதலாம் ஆண்டில் படிக்கும் ஒரு பிள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள். ஆசிரியர் வெண்பலகையில் பத்துச் சொற்களை எழுதிப் போடுகிறார். மற்றப் பிள்ளைகள் பத்தையும் எழுதி முடிக்கும் நேரத்தில், இந்தப் பிள்ளை மூன்று சொற்களைத்தான் எழுதியிருக்கிறது. அதிலும் இரண்டு பிழை. பக்கத்தில் இருப்பவரின் புத்தகத்தை எட்டிப் பார்த்ததற்குக் கண்டிப்பு வேறு. தவணை முடிவில் வீட்டுக்கு வரும் அறிக்கையில் 'கவனக் குறைவு, முயற்சி போதாது' என்று ஒரு வரி. அப்பா கோபப்படுகிறார். அம்மா டியூஷனுக்கு அனுப்புகிறார். அந்த டியூஷனிலும் ஒரு வெண்பலகைதான் இருக்கிறது!

இப்படியே ஓராண்டு, ஈராண்டு ஓடிவிடும். பிள்ளைக்கு 'மந்தம்' என்ற பெயர் நிலைத்துவிடும். அதன் கண்ணைச் சோதித்துப் பார்க்கலாமே என்ற எண்ணம் மட்டும் யாருக்கும் எழுவதில்லை. ஏன்? பிள்ளை ஓடுகிறது, விளையாடுகிறது, தொலைக்காட்சி பார்க்கிறது. கண்ணில் குறை உள்ள பிள்ளை என்றால் சுவரைத் தடவித் தடவி நடக்கும் என்றுதானே நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம்?

பிள்ளையாவது வாய்விட்டுச் சொல்லக் கூடாதா என்று கேட்கலாம். சொல்லாது. பிறந்தது முதல் மங்கலாகப் பார்க்கும் பிள்ளைக்கு அந்த மங்கல்தான் பார்வை. எல்லாருக்கும் உலகம் அப்படித்தான் தெரிகிறது என்று அது நம்புகிறது. மற்றவர்களால் எழுத முடிகிறது, தன்னால் முடியவில்லை என்றால், தான் முட்டாள் என்ற முடிவுக்குத்தான் அது வரும். பெரியவர்களும் அதையே சொன்னால் கேட்க வேண்டுமா?

பார்வைக் குறைவு என்றால் என்ன?

பார்வையற்றவர், பார்வை உள்ளவர் என்று உலகம் இரண்டே பிரிவாக இல்லை. இடையில் ஒரு பெரிய கூட்டம் இருக்கிறது. அவர்களைக் குறைபார்வை உள்ளவர்கள் என்கிறோம்.

மலேசியச் சமூக நல இலாகா மாற்றுத் திறனாளிகளைப் பதிவு செய்யும்போது இதற்குத் தெளிவான அளவு வைத்திருக்கிறது. கண்ணாடி போட்ட பிறகும், இரண்டில் நல்ல கண்ணின் பார்வை 3/60 அளவுக்கும் கீழே இருந்தால் அவர் பார்வையற்றவர். மற்றவர்கள் 60 மீட்டர் தூரத்தில் பார்ப்பதை இவர் 3 மீட்டருக்குள் வந்துதான் பார்க்க முடியும் என்பது இதன் பொருள். பார்வை 6/18 அளவுக்குக் கீழே, ஆனால் 3/60 வரை இருந்தால் அது குறைபார்வை. தூரம் மட்டுமே அளவுகோல் இல்லை. பார்வையின் அகலமும் கணக்கில் வரும். நேர் எதிரே தெளிவாகத் தெரிந்தாலும், பக்கவாட்டில் எதுவும் தெரியாமல் குழாய் வழியாகப் பார்ப்பது போன்ற நிலையில் இருப்பவர்களும் உண்டு.

1996ஆம் ஆண்டில் நடத்தப்பட்ட தேசியக் கண் ஆய்வின்படி, எல்லா வயதினரையும் சேர்த்து மலேசியர்களில் 0.29 விழுக்காட்டினர் இரு கண்களிலும் பார்வையற்றவர்கள். 2.44 விழுக்காட்டினர் குறைபார்வை உள்ளவர்கள். அந்தக் குறைபார்வைக்கான காரணங்களில் 48 விழுக்காடு, கண்ணாடி போட்டுச் சரிசெய்யாத சாதாரணப் பார்வைக் கோளாறு! ஒரு மூக்குக் கண்ணாடியில் தீர வேண்டிய பிரச்சினை அது.

கண்ணாடியால் தீராத பிரச்சினைகளும் உள்ளன. பிறவிக் கண்புரை, கண் நீரழுத்தம், கண் நரம்புக் கோளாறு, குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கு வரும் விழித்திரைப் பாதிப்பு என அவை பலவகை. சில விழித்திரை நோய்கள் பரம்பரையாக வருபவை. முதலில் மாலை மங்கியதும் கண் தெரியாமல் போகும். பிறகு பார்வை வட்டம் சிறுகச் சிறுகச் சுருங்கும். அத்தை மகன், மாமன் மகள் என்று சொந்தத்திலேயே மணம் முடிக்கும் குடும்பங்களில் இத்தகைய நோய்களுக்கான வாய்ப்பு கூடுகிறது. உறவு விட்டுப் போகக் கூடாது என்று நினைப்பவர்கள் இதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

கண்டுபிடிப்பது எப்படி?

பெற்றோரும் ஆசிரியரும் கவனிக்க வேண்டிய அறிகுறிகள் சில உள்ளன. புத்தகத்தை முகத்தோடு ஒட்டி வைத்துப் படிப்பது, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பார்ப்பது, வெயிலில் கண்ணைத் திறக்க முடியாமல் தவிப்பது, படியில் இறங்கத் தயங்குவது, இருட்டியதும் அம்மாவின் கையை விடாமல் பிடித்துக்கொள்வது, கண்மணி ஓயாமல் ஆடிக்கொண்டிருப்பது, படிக்கும்போது வரி மாறிப் போவது ஆகியவை அவற்றுள் முக்கியமானவை.

கண்மணியின் நடுவில் வெள்ளையாக ஏதேனும் தெரிந்தாலும், புகைப்படத்தில் ஒரு கண் மட்டும் வெள்ளையாகப் பளபளத்தாலும் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. அது கண்புரையாக இருக்கலாம். உயிருக்கே ஆபத்தான கண் புற்றுநோயாகவும் இருக்கலாம்.

பள்ளிக்கு வரும் சுகாதாரக் குழு கண்ணைச் சோதித்து, மருத்துவமனைக்குப் போகும்படி கடிதம் கொடுத்தால் அதை அலமாரியில் வைத்துவிடாதீர்கள். அரசாங்கக் கிளினிக்கில் காட்டினால், அங்கிருந்து ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனையின் கண் பிரிவுக்கு அனுப்புவார்கள். ஒரு நாள் சம்பளம் போகிறதே என்று தள்ளிப் போட்டால், பிள்ளையின் ஓராண்டுப் படிப்பு போய்விடும்.

தோட்டம் மாறியது, கேள்வி மாறவில்லை

பேராக் மாநிலத்துக்கு இது புதிய பிரச்சினை இல்லை. 1877ஆம் ஆண்டில் கோலகங்சாரில் ரப்பர்க் கன்றுகள் நடப்பட்ட மண் இது. பின்னர் சுங்கை சிப்புட், தாப்பா, பீடோர், தெலுக் இந்தான் என எங்கும் தோட்டங்கள் பெருகின. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளிக்கூடம் வைக்க வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னது. நம் தோட்டத் தமிழ்ப்பள்ளிகளில் பல அப்படிப் பிறந்தவையே. ஆனால், அந்தப் பத்துப் பேரில் ஒருவருக்குக் கண் தெரியாவிட்டால் என்ன செய்வது என்பதற்குச் சட்டத்தில் பதில் இல்லை. பெரியவர்கள் மரம் வெட்டப் போனதும் அத்தகைய பிள்ளை லயத்து வீட்டில் பாட்டியோடு இருக்கும். பாசத்துக்குக் குறைவிருக்காது. படிப்புதான் இருக்காது.

இன்று கித்தா மரங்கள் இருந்த இடத்தில் செம்பனை நிற்கிறது. வீடமைப்புப் பகுதிகள் நிற்கின்றன. குடும்பங்கள் ஈப்போவுக்கும் அதன் சுற்றுப்புறங்களுக்கும் குடிபெயர்ந்துவிட்டன. ஆயாக் கொட்டகையும் இல்லை, பாட்டியும் பக்கத்தில் இல்லை. ஆனால் தோட்டத்தில் கேட்ட அதே கேள்வியைத்தான் பட்டணத்திலும் பெற்றோர் கேட்கிறார்கள். 'இந்தப் பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது?'

எந்தப் பள்ளி?

நம் நாட்டில் பார்வையற்றோர் கல்விக்கு நீண்ட வரலாறு உண்டு. 1926ஆம் ஆண்டில் மலாக்காவில் தொடங்கப்பட்ட செயின்ட் நிக்கலஸ் இல்லம் 1931இல் பினாங்குக்கு மாறியது. ஜொகூர் பாருவில் பிரின்சஸ் எலிசபெத் பள்ளி 1948இல் எழுந்தது. மலாயாப் பார்வையற்றோர் சங்கம் 1951இல் உருவாகி, 1953இல் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்சில் கர்னி பயிற்சி நிலையத்தைத் திறந்தது. பார்வையற்ற மாணவர்களைச் சாதாரணப் பள்ளிகளில் சேர்த்துப் படிக்க வைக்கும் முயற்சி 1962இல் தொடங்கியது.

இன்று கல்வி அமைச்சின் கீழ் மூன்று வழிகள் உள்ளன. முதலாவது, சிறப்புக் கல்விப் பள்ளி. ஜொகூர் பாருவின் பிரின்சஸ் எலிசபெத் தொடக்கப்பள்ளி, கோலாலம்பூர் செத்தாப்பாக் இடைநிலைப்பள்ளி போன்றவை இவ்வகை. இரண்டாவது, சாதாரணப் பள்ளிக்குள் தனியாக இயங்கும் சிறப்புக் கல்வி வகுப்பு. மூன்றாவது, மற்றப் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் அமர்ந்து படிக்கும் உள்ளடக்கக் கல்வி.

சட்டமும் பிள்ளையின் பக்கம்தான் நிற்கிறது. தொடக்கக் கல்வி 2003ஆம் ஆண்டு முதல் கட்டாயமாக்கப்பட்டது. உடற்குறையைக் காரணம் காட்டிக் கல்வியை மறுக்கக் கூடாது என்பது 2008ஆம் ஆண்டு மாற்றுத் திறனாளிகள் சட்டத்தின் நிலை. எந்தப் பிள்ளையையும் நிராகரிக்காத கொள்கையைக் கல்வி அமைச்சு 2019ஆம் ஆண்டுப் பள்ளித் தவணையிலிருந்து நடைமுறைப்படுத்தியது. ஆகவே, 'இங்கே முடியாது, வேறு இடம் பாருங்கள்' என்று ஒரு பள்ளி சொன்னால், அதோடு வீட்டுக்குத் திரும்ப வேண்டியதில்லை. மாவட்டக் கல்வி அலுவலகத்தின் சிறப்புக் கல்விப் பிரிவை நாடலாம்.

ஆனால் சட்டத்தால் தீராத ஒரு வேதனை இருக்கிறது. ஈப்போவிலிருந்து ஜொகூர் பாரு 500 கிலோமீட்டருக்கும் மேல். ஏழு வயதுப் பிள்ளையைத் தங்கும் விடுதியில் விட்டுவிட்டுப் பெற்றோர் எப்படி நிம்மதியாகத் தூங்குவார்கள்? அங்கே பாடமொழி மலாய். வீட்டில் பேசும் தமிழை அந்தப் பிள்ளை எழுதப் படிக்க எங்கே கற்கும்?

இந்த இடத்தில்தான் ஒரு தெளிவு வேண்டும். கண் அறவே தெரியாத பிள்ளைக்குப் பிரெய்ல் தேவை. அதைக் கற்பிக்கப் பயிற்சி பெற்ற ஆசிரியர் தேவை. அதுவும் இளமையிலேயே தேவை. அத்தகைய பிள்ளையைப் பிரிய மனமில்லாமல் வீட்டிலேயே வைத்துக்கொள்வது அன்பு ஆகாது. ஆனால் குறைபார்வை உள்ள பிள்ளையின் கதை வேறு. ஆசிரியர் மனம் வைத்தால், அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோர் வீட்டுக்கு அருகிலுள்ள தமிழ்ப்பள்ளியிலேயே படிக்க முடியும். பேராக்கில் உள்ள தமிழ்ப்பள்ளிகளில் பல, மாணவர் எண்ணிக்கை 150க்கும் குறைந்த சிறிய பள்ளிகள். இதை எப்போதும் ஒரு குறையாகவே பேசுகிறோம். பத்துப் பதினைந்து பேர் மட்டுமே உள்ள வகுப்பில், ஒரு பிள்ளைக்கு வெண்பலகை தெரிகிறதா இல்லையா என்பதை ஆசிரியரால் எளிதில் கவனிக்க முடியும் என்பதை ஏன் மறக்கிறோம்?

ஆசிரியர் என்ன செய்யலாம்?

பெரிய செலவு வேண்டாம். சில பழக்கங்களை மாற்றிக்கொண்டாலே போதும்.

முதலாவது, எழுதுவதை வாய்விட்டுச் சொல்லுங்கள். 'இதையும் இதையும் கூட்டினால் இது' என்று பலகையைத் தட்டிக் காட்டினால் குறைபார்வை உள்ள பிள்ளைக்கு ஒன்றும் விளங்காது. 'பன்னிரண்டையும் எட்டையும் கூட்டினால் இருபது' என்று சொன்னால் விளங்கும். மற்றப் பிள்ளைகளுக்கும் அது நல்லதே.

இரண்டாவது, இடம். முன்வரிசையில் உட்கார வைத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். எல்லாருக்கும் அது பொருந்தாது. வெளிச்சம் கூசும் பிள்ளையை ஜன்னலைப் பார்த்தபடி உட்கார வைத்தால் அது கண்ணை மூடிக்கொண்டுதான் இருக்கும். குழாய் வழியே பார்ப்பது போன்ற பார்வை உள்ள பிள்ளைக்குச் சற்றுப் பின்னால் இருந்தால்தான் பலகை முழுவதும் தெரியும். ஒரு கண் மட்டும் நன்றாகத் தெரியும் பிள்ளைக்கு எந்தப் பக்கம் என்பது முக்கியம். பிள்ளையையே கேளுங்கள், ஓரிரு நாள் மாற்றி மாற்றி உட்கார வைத்துப் பாருங்கள்.

மூன்றாவது, எழுத்து. வெண்பலகையில் கறுப்பு மையால் எழுதுங்கள். சிவப்பும் பச்சையும் மங்கலாகத் தெரியும். மஞ்சள் தெரியவே தெரியாது. பயிற்சித் தாளைப் பெரிய எழுத்தில் அச்சிட்டுக் கொடுங்கள். 18 புள்ளி அளவில் தொடங்கிப் பிள்ளைக்கு எது வசதி என்று பார்க்கலாம். நகலுக்கு நகல் எடுத்து மங்கிப்போன தாளைக் கொடுத்துவிட்டு, பிள்ளை படிக்கவில்லை என்று சொல்லாதீர்கள்.

நான்காவது, நேரம். மற்றவர்கள் ஒரே பார்வையில் படிக்கும் வரியை இந்தப் பிள்ளை எழுத்து எழுத்தாகத் தேடிப் படிக்கிறது. கண் சோர்ந்துவிடும். பத்துக் கணக்குக்குப் பதிலாக ஐந்து கணக்கைக் கொடுத்தாலும் புரிந்ததா இல்லையா என்பது தெரிந்துவிடும். அரசாங்கத் தேர்வுகளில் கூடுதல் நேரம், பெரிய எழுத்து வினாத்தாள், பிரெய்ல் வினாத்தாள் போன்ற சலுகைகள் உண்டு. பள்ளி முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். நான்காம் படிவத்திலேயே இதைப் பேசத் தொடங்கினால்தான் எஸ்.பி.எம். தேர்வின்போது தவிக்க வேண்டியிருக்காது.

ஐந்தாவது, கை. கண்ணால் அறிய முடியாததைக் கையால் அறியலாம். முக்கோணத்தை நூலும் பசையும் கொண்டு அட்டையில் ஒட்டிக் கொடுத்தால் விரலே படித்துவிடும். எண்ணிக்கை கற்பிக்கக் கித்தா விதை போதும், புளியங்கொட்டை போதும். உடற்பயிற்சி நேரத்தில், 'நீ போய் மரத்தடியில் உட்கார்' என்று மட்டும் சொல்லாதீர்கள். மணி வைத்த பந்தை ஒலி கேட்டு விளையாடும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

புள்ளி தெரியாவிட்டால் பிழைதான்

தமிழாசிரியர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. தமிழில் 'க' எழுத்துக்கும் 'க்' எழுத்துக்கும் உள்ள வேறுபாடு ஒரு சிறு புள்ளிதான். 'எ', 'ஏ' இரண்டையும் பிரிப்பது கீழே உள்ள ஒரு சிறு கோடு. 'ன'கரத்துக்கும் 'ண'கரத்துக்கும் ஒரு சுழிதான் வேறுபாடு. 'கொ', 'கோ' இரண்டும் கொம்பின் சுழியில் மட்டுமே மாறுபடும். குறைபார்வை உள்ள பிள்ளையின் கண்ணுக்கு முதலில் தப்பிப் போவது இந்தப் புள்ளியும் சுழியும்தான்.

ஆகவே ஒரு பிள்ளை சொல்வதெழுதுதலில் நன்றாக எழுதி, பலகையைப் பார்த்து எழுதும்போது மட்டும் புள்ளியை விடுகிறதா? ஒற்றெழுத்துப் பிழை என்று சிவப்பு மையால் சுழிக்கும் முன், பிள்ளையின் கண்ணைச் சந்தேகியுங்கள். இது மிக எளிய சோதனை. எந்தக் கருவியும் தேவையில்லை.

ஆறு புள்ளிகளில் ஒரு மொழி

கண் அறவே தெரியாத பிள்ளைகளுக்கு எழுத்து கொடுத்தவர் பிரான்ஸ் நாட்டின் லூயி பிரெய்ல். 1809இல் பிறந்து, சிறுவயதில் பார்வையை இழந்த அவர், 15 வயதிலேயே 1824ஆம் ஆண்டில் இந்த முறையை வடிவமைத்தார். ஆறே புள்ளிகள். அவற்றை மாற்றி மாற்றி மேடாக்கினால் 63 வடிவங்கள் கிடைக்கும். உலக மொழிகள் பலவற்றை அவற்றைக் கொண்டே எழுதிவிடலாம்.

தமிழும் அதில் அடங்கும். திருநெல்வேலி பாளையங்கோட்டையில் பார்வையற்றோர் பள்ளி 1890இலேயே தொடங்கிவிட்டது. இந்திய மொழிகளுக்குப் பொதுவான பாரதி பிரெய்ல் முறை 1951இல் உருவானது. அச்சில் 'கை' என்று எழுதும்போது ஐகாரக் குறி எழுத்துக்கு முன்னால் நிற்கிறது. பிரெய்லில் முதலில் ககரம், அதன் பின்னால் ஐகாரம். அதாவது, நாம் ஒலிக்கும் வரிசையிலேயே விரல் படிக்கிறது.

கணினியும் கைப்பேசியும் வந்துவிட்டனவே, இனிப் பிரெய்ல் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் மென்பொருள்கள் மிகவும் உதவுகின்றன என்பது உண்மை. 2006ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவில் தொடங்கப்பட்ட என்.வி.டி.ஏ. என்ற மென்பொருளை இலவசமாகவே பெறலாம். அது தமிழையும் படிக்கும். ஆனால் காதால் மட்டும் கேட்கும் பிள்ளைக்குச் சொல்லின் எழுத்துக்கூட்டல் தெரியாது. 'மரம்', 'மறம்' இரண்டுக்கும் எந்த ரகரம் என்று காது எப்படிச் சொல்லும்? படிக்கத் தெரிய வேண்டுமானால் விரலுக்கு எழுத்து வேண்டும்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டுப்பாடத்தைப் புகைப்படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுகிறீர்கள். பிள்ளையின் கைப்பேசியில் அந்தப் படம் பெரும்பாலும் பேசாது. அதையே தமிழில் தட்டச்சு செய்து அனுப்பினால் பேசும்.

பார்வையற்றோர் படிப்பதற்கேற்ற நூல்களைப் பதிப்புரிமைத் தடையின்றி உருவாக்கவும் நாடுகளுக்கிடையே பகிரவும் வழிசெய்யும் மராகேஷ் ஒப்பந்தம் 2013இல் ஏற்கப்பட்டது. மலேசியா 2022இல் அதில் இணைந்தது. தமிழ்நாட்டில் உருவாகும் நூல்கள் நம் பிள்ளைகளின் கைக்கு வர இது ஒரு வாசல். அதைப் பயன்படுத்திக்கொள்ள நம் சங்கங்கள் முன்வர வேண்டும்.

வீட்டில் என்ன செய்யலாம்?

முதலில், மறைக்காதீர்கள். 'முன்வினைப் பயன்', 'குடும்ப தோஷம்' என்ற பேச்சுக்குப் பயந்து விருந்தினர் வரும்போது பிள்ளையை அறையில் உட்கார வைக்கும் பழக்கம் இன்னும் முழுமையாக ஒழியவில்லை. இது மருத்துவக் காரணங்களால் வரும் குறை. வெட்கப்பட ஒன்றும் இல்லை.

மருத்துவரின் சான்றோடு சமூக நல இலாகாவில் பதிந்து, மாற்றுத் திறனாளி அட்டையைப் பெற்றுக்கொள்ளுங்கள். 'அட்டை எடுத்தால் பிள்ளைக்கு முத்திரை குத்திவிடுவார்கள்' என்று தயங்குவோர் பலர். மந்தம் என்ற முத்திரையை விடவா இந்த அட்டை மோசம்? கல்வி அமைச்சின் சிறப்புக் கல்வித் திட்டங்களில் பதிந்துள்ள மாணவர்களுக்கு மாதம் 150 ரிங்கிட் உதவித்தொகை வழங்கும் ஏற்பாடு உண்டு. பள்ளியில் கேளுங்கள்.

புத்தகத்தைக் கிட்டத்தில் வைத்துப் படிக்கும் குறைபார்வைப் பிள்ளையை, 'கண் கெட்டுப் போகும்' என்று அதட்டாதீர்கள். அதனால் கண் கெடாது. அந்தப் பிள்ளைக்கு அதுதான் படிக்கும் தூரம். கூன் போடாமல் படிக்க, புத்தகத்தைச் சாய்த்து வைக்கும் பலகை ஒன்றைச் செய்து கொடுங்கள்.

எல்லா வேலையையும் நீங்களே செய்து கொடுப்பதும் ஒரு வகையில் தீங்குதான். தட்டைக் கழுவட்டும், துணியை மடிக்கட்டும், கடைக்கு உடன் வரட்டும். பெண் பிள்ளை என்பதற்காக இன்னும் இறுக்கமாகப் பொத்தி வைக்காதீர்கள். வெள்ளைக் கைத்தடியோடு தனியாக நடக்கப் பயிற்சி உண்டு. அந்தப் பயிற்சி பெற்ற பிள்ளை நாளை தானே பேருந்து ஏறி வேலைக்குப் போகும்.

'போய் என்ன வேலை செய்யப் போகிறது?' என்ற கேள்வி வரும். சென்னையைச் சேர்ந்த பெனோ செபைன் பிறவியிலேயே பார்வையற்றவர். 2015இல் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்தார். முழுமையாகப் பார்வையற்ற ஒருவர் அப்பணியில் சேர்ந்தது அதுவே முதல் முறை. நம் நாட்டில், பார்வையற்ற பொருளாதாரப் பேராசிரியர் இஸ்மாயில் முகமட் சாலே 2007இல் மாற்றுத் திறனாளிகளின் முதல் பிரதிநிதியாக மேலவையில் அமர்ந்தார், 2009இல் காலமானார். எல்லாப் பிள்ளைகளும் தூதராகவோ செனட்டராகவோ ஆக வேண்டும் என்பதில்லை. சம்பளம் வாங்கி, தன் கையால் அம்மாவுக்கு ஒரு சேலை வாங்கித் தரும் அளவுக்கு வந்தால் போதாதா?

இந்த வாரமே செய்யக்கூடியது

பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டங்களில் மண்டபக் கூரை, விளையாட்டுப் போட்டி, விருந்து எல்லாம் பேசுகிறோம். அடுத்த கூட்டத்தில் ஒரு வரியைச் சேருங்கள். 'நம் பள்ளியில் வெண்பலகை சரியாகத் தெரியாத பிள்ளைகள் எத்தனை பேர்?' பதில் தெரியாவிட்டால், தெரிந்துகொள்ள ஒரு காலைப் பொழுது போதும். வகுப்பு வகுப்பாகக் கடைசி வரிசையில் ஒவ்வொரு பிள்ளையையும் நிற்க வைத்து, பலகையில் எழுதியதைப் படிக்கச் சொன்னால் போதும். திணறும் பிள்ளைகளின் பட்டியலை எடுத்துக்கொண்டு மருத்துவரைப் பாருங்கள்.

அந்தப் பட்டியலில், இதுவரை கடைசி எண் வாங்கிக்கொண்டிருந்த பிள்ளை ஒன்றாவது இருக்கக்கூடும்.